பதினேழாவது சில்லு

அம்மாபேட்டையில் உரக்கடைக்கு மேல்மாடி.
யாரோ வரைந்து, எங்கோ கடல்தாண்டி வார்த்து,
தட்டில் நாற்பத்தெட்டாக அடுக்கி வரும் சில்லுகளைத்
தூங்கச் சொல்லி
தூக்கத்தில் எவ்வளவு மின்சாரம் குடிக்கின்றன
என்று அளப்பது என் வேலை.

ஒன்று நாற்பது நானோ ஆம்பியர் குடிக்கலாம்.
கீழ்க்கடை ஹாஜா மைதீனுக்கு ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்:
ஒரு ஆம்பியரை நூறு கோடிப் பங்கு போட்டு
அதில் நாற்பது.
"அத வசூல் பண்ணவும் ஆள் வச்சிருக்காங்களா?"
நான்தான் அந்த ஆள் என்றேன்.

ஐப்பசி பத்துக்கு மேல் எண்கள் ஏறின.
அறுபது. நூற்றுப்பத்து. இருநூற்றுப் பன்னிரண்டு.
நாற்பத்தெட்டும் ஒழுகின.
சூடேற்றினால் கசிவு கூட வேண்டும்,
அது சிலிக்கனின் குணம்.
இவையோ முப்பது டிகிரியில் ஒழுகி
எழுபதில் வாயை மூடிக்கொண்டன.
அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.
உறைக்கவில்லை.
பெங்களூருக்கு எழுதினேன், கொஞ்சம் திமிராகவே:
உங்கள் வடிவமைப்பில் ஓட்டை.

நாகேந்திர பிரபுவிடமிருந்து ஒரே வரி.
போர்டைக் கழுவினீர்களா?
அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

திரையில் சிவப்பும் பச்சையுமாய்க் கட்டங்கள்.
வயல் போல என்று எழுதக் கை வரும்,
எழுத மாட்டேன்.
வயல் ஜன்னலுக்கு வெளியேதான் இருக்கிறது,
சம்பா நட்டு இருபது நாள், நுனி மட்டும் தெரிய.
அதை அளக்கிறவர்கள் வேறு.

நைட்ரஜன் சிலிண்டர் ஏற்றிய வண்டி
வெண்ணாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.
கரண்ட் மூன்று முறை போனது.
நான்காவது முறை கீழே இறங்கினேன்.
ஹாஜா மைதீன் ஒரு யூரியா மூட்டையை
மண்வெட்டிக் காம்பால் அடித்துக்கொண்டிருந்தார்.
கல்லாகியிருந்தது.
"பிரிச்ச மூட்டைதான் மொதல்ல கட்டுது" என்றார்,
என்னிடம் இல்லை, மூட்டையிடம்.

மேலே ஓடி டார்ச் அடித்துப் பார்த்தேன்.
பற்றவைத்த கால்களுக்கு நடுவே
காய்ந்த பசை, வெல்லப்பாகு நிறத்தில்.
விரல் வைத்தால் ஒட்டியது.
காற்றிலிருந்த மழையெல்லாம் அதில் குடியிருந்தது.
மின்சாரம் அதன் மேல் நடந்து போயிருக்கிறது,
நான் சில்லின் மேல் பழி போட்டிருக்கிறேன்.

வைத்தீஸ்வரியும் நானும்
பல் தேய்க்கிற பிரஷ்ஷும் ஆல்கஹாலும் கொண்டு கழுவினோம்.
நூறு டிகிரியில் நாலு மணி நேரம் சுட்டோம்.
மோட்டார் ரூம் மாதிரி ஒரு வாடை.
இரவு பதினொன்றரைக்கு
முப்பத்தொன்று. இருபத்தெட்டு. முப்பத்துமூன்று.
அவள் கை தட்டவில்லை,
டிபன் பாக்ஸைத் திறந்தாள்.
ஒரு கையால் புளிச்சோறு,
மறுகையால் எண்களைத் தள்ளித் தள்ளி வாசித்தாள்.
நான் பெங்களூருக்கு மன்னிப்பு தட்டச்சிக்கொண்டிருந்தேன்.

பதினேழு, என்றாள்.
பிறகு எதுவும் சொல்லவில்லை.
இருநூற்று நான்கு.

மறுபடி கழுவினோம்.
மறுபடி சுட்டோம்.
சாக்கெட்டை மாற்றினோம்,
பதினெட்டை அதே இடத்தில் வைத்தோம்: முப்பது.
பதினேழைத் திரும்ப வைத்தோம்: இருநூற்று நான்கு.
சூடேற்றினேன்.
ஏறியது. பத்து டிகிரிக்கு ஏறக்குறைய இரட்டிப்பாக,
பாடப்புத்தகக் கோடு மாதிரி.

இது மழை இல்லை.
இது உள்ளே, கண்ணாடி வைத்தாலும் தெரியாத ஏதோ ஒரு வரப்பில்.
(சொல்லிவிட்டேன், வயலை.)

போன வாரம் நாற்பத்தெட்டும் கசிகிறது என்றவள்
இப்போது ஒன்று கசிகிறது என்றால்
என்ன மதிப்பு?
மன்னிப்புக்குக் கீழே சேர்த்தேன்:
பதினேழு மட்டும் நிஜம். மூன்று முறை கழுவிவிட்டேன்.

அனுப்பிய பிறகு
அதைச் சாக்கெட்டிலிருந்து எடுத்து
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.
புழுங்கரிசி அளவுதான்.
கை வேர்த்திருப்பது தெரிந்ததும்
பதறி இடுக்கியை எடுத்தேன்.